மாப்பிள்ளையும் பத்து பவுண்டு டார்வினும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு குழந்தை காசை விழுங்கிவிட்டு வந்தது. படம் எடுத்தேன். தொண்டைக்குக் கீழே வட்டமாக, வெள்ளையாக, சட்டமாக உட்கார்ந்திருந்தது காசு. அது எங்கே நிற்கிறது என்று டாக்டர் பார்த்தார். தாய்க்காரி டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். நான் அது எந்த நாட்டுக் காசு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன சார், ஏதாவது வித்தியாசமா தெரியுதா?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் நான் எக்ஸ்ரே எடுக்கிறவன் என்ற நினைப்பு வந்தது.

இத்தனைக்கும் எனக்குக் காசு ஆகாது. நோட்டுதான். அதிலும் விஞ்ஞானி படம் போட்ட நோட்டு மட்டும்தான். ராஜாவோ தளபதியோ வந்தால் வாசலோடு சரி. பின்பக்கம் ஒரு விஞ்ஞானி இருந்தால் முன்பக்கத்து ராணியைப் போனால் போகிறது என்று சேர்த்துக்கொள்வேன். ஜெர்மனிக்காரனின் பத்து மார்க்கில் காஸ், ஆஸ்திரியாவின் ஆயிரம் ஷில்லிங்கில் ஷ்ரோடிங்கர், பிரான்சின் ஐந்நூறு பிராங்கில் கியூரி தம்பதி, ஜோடியாக. யுகோஸ்லாவியாவின் ஆயிரம் கோடி தினாரில் டெஸ்லா. அது ஆயிரம் கோடி என்று தெரிந்த அன்று என் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். விலைவாசி ஏறின ஏற்றத்தில் அதற்கு அப்புறம் ஒரு ரொட்டிகூடக் கிடைத்திருக்காது என்று சொன்னதும் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து நாளெல்லாம் நல்ல நோட்டு எண்ணுகிறவள். என் ஆல்பத்துக்கு அவள் வைத்த பெயர் 'செல்லாக்காசு சங்கம்'. அதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறாள்.

எனக்குச் சம்பளம் வாங்கித்தரும் புண்ணியவான், எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரோன்ட்ஜன், அவரை மட்டும் ஒரு நோட்டிலும் நான் பார்த்ததில்லை. அது ஒரு குறை.

குறை என்றதும் நினைவு வருகிறது. மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மகளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட பையன், லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். ஒன்று எங்கள் மாடிக்குக் குடிவர வேண்டும், அல்லது கம்பெனி கொடுக்கிற பெரிய வேலையை வாங்கிக்கொண்டு, ரயிலில் ராத்திரி முழுக்கப் போனால் வருகிற ஓர் ஊருக்குப் போக வேண்டும். ஏப்ரல் கடைசிக்குள் முடிவு சொல்வார்களாம். எனக்கு இருப்பதோ ஒரே பெண்.

"உங்க வாய்தான் இந்த வீட்டுக்குச் சத்ரு. மாப்பிள்ளைகிட்ட ஒரே ஒரு தடவை வள்ளுனு விழுந்தீங்க, அவ்வளவுதான், ரெண்டு பேரும் ரயிலேறிடுவாங்க" என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

விழ மாட்டேன். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

மாப்பிள்ளையும் மகளும் சாப்பிட வந்தார்கள். அவர் உள்ளே வரும்போது எழுந்து நின்றேன். உட்காருங்கள் என்றேன். அவர் உட்கார்ந்த பிறகு, அந்த இடம் வெயில் படும் என்று தோன்றி, இங்கே உட்காருங்கள் என்றேன். அங்கே ஃபேன் காற்று வராது என்று தோன்றி மறுபடி எழுப்பினேன். நாலு இடம் மாறி, கடைசியில் முதலில் உட்கார்ந்த இடத்துக்கே வந்துவிட்டார் பாவம்.

பேச ஒன்றும் இல்லை. ஆல்பத்தை எடுத்து வைத்தேன். மற்றவர்கள் என்றால் கை கழுவிவிட்டு வா, மூச்சு விடாதே, ஓரத்தைத் தொடாதே என்று உயிரை வாங்குவேன். இவரிடம், "எடுத்துப் பாருங்க மாப்பிள்ளை, கூச்சப்படாதீங்க" என்றேன்.

என் டார்வினைக் காட்டினேன். இங்கிலாந்தின் பழைய பத்து பவுண்டு. பின்பக்கம் தாடியும், ஒரு குட்டிப் பறவையும். "இப்ப அங்க இது கடையில போகாது மாப்பிள்ளை. பேப்பர் நோட்டெல்லாம் நிறுத்திட்டாங்க. பெரிய பேங்க்ல கொண்டுபோய்க் குடுத்தா புதுசா மாத்தித் தருவாங்க. அவ்வளவுதான் இவரோட கதை" என்று ஒரு பெருமூச்சு விட்டேன். அதன் நம்பர் விசேஷத்தை ஆரம்பிக்கப் போனேன். மகள், "அப்பா, போதும்ப்பா" என்று கண்ணாலேயே வாயை அடைத்துவிட்டாள்.

அவருக்கு நாளை மறுநாள் லண்டன் பயணம். கம்பெனி தலைமை ஆபீசில் இரண்டு வாரப் பயிற்சி. நான் பிஸ்கட் தட்டோடு வரும்போது ஏதோ கேட்டார். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, சரியாகக் காதில் விழவில்லை. ஆனால் மாப்பிள்ளை வாய்விட்டு ஒன்று கேட்டால் இல்லையென்று சொல்வதா? "தாராளமா எடுத்துக்கோங்க மாப்பிள்ளை! இதெல்லாம் கேக்கணுமா?" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் ஏனோ பிஸ்கட்டைத் தொடவேயில்லை. சங்கோஜி.

மார்ச் 9, திங்கள்

ஒன்றும் விசேஷமில்லை. ஏழெட்டு முட்டி, ஒரு தாடை.

மார்ச் 15, ஞாயிறு

சங்கக் கூட்டம். நூலகத்துப் பின்னறையில் நாங்கள் பத்துப் பேர் கூடி, ஒருவர் நோட்டை ஒருவர் பொறாமையோடு பாராட்டிக்கொள்வோம். தலைவர் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். எந்நேரமும் கழுத்தில் லென்ஸ் தொங்கும். பூதக்கண்ணாடி என்று நான்தான் பெயர் வைத்தேன். அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி நூலக ஹாலில் கண்காட்சியாம். எனக்கு ஒரு கண்ணாடி அலமாரி கொடுக்கிறார்களாம். "உங்ககிட்ட இருக்கிறதெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கிற நோட்டுதானே சார்?" என்று பூதக்கண்ணாடி இழுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "என் டார்வினோட நம்பர் 1859-ல முடியுது" என்றேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். டார்வின் தன் பெரிய புத்தகத்தை வெளியிட்ட வருஷம் 1859. அவர் படம் போட்ட நோட்டிலேயே அந்த எண் வருவது சும்மா இல்லை. எத்தனை வருஷம் எத்தனை பேருக்குக் கடிதம் போட்டிருப்பேன்! கடைசியில் ஸ்காட்லாந்தில் ஒரு கிழவர், அவருடைய பல்செட் செலவுக்காக, எனக்கு விற்றார்.

தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தேன். ஆல்பத்தை எடுத்தேன். திறந்தேன்.

டார்வினைக் காணோம்.

மார்ச் 16, திங்கள்

தூங்கவில்லை. கட்டிலடி, பீரோ இடுக்கு, வாஷிங் மெஷின், அரிசி டப்பா, எல்லாம் பார்த்தாயிற்று. "அரிசி டப்பாவில எதுக்குத் தேடறீங்க?" என்றாள் மனைவி. எதற்கென்று எனக்கும் தெரியவில்லை.

"திருடன் வந்து ஆயிரம் கோடியை விட்டுட்டுப் பத்தைத்தான் எடுப்பானா?" என்றாள் அடுத்து. நியாயமான கேள்வி. அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது.

போன வாரம் மாடிக் குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பருக்குப் போன் போட்டேன். பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். "வேற ஒண்ணும் இல்ல, எங்க டார்வினைப் பார்த்தீங்களா?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கதவு திறந்திருந்தா ஓடியிருக்கும் சார். பசிச்சா தானா வந்துடும்" என்றார்.

மார்ச் 19, வியாழன்

வரவில்லை.

மார்ச் 25, புதன்

நிதானமாக எழுதுகிறேன்.

மாலையில் மாப்பிள்ளை வந்தார். நேற்றுத்தான் லண்டனிலிருந்து திரும்பியிருக்கிறார். மகளுக்குக் கைப்பை, மாமியாருக்குக் குடை. எனக்கு ஓர் உறை, மேலே சிவப்பு ரிப்பன் கட்டி. "மாமா, நீங்களே திறங்க" என்றார். கண்ணெல்லாம் ஆசை. திறந்தேன். உள்ளே ஒரு பத்து பவுண்டு. புத்தம் புதுசு. வழவழவென்று பிளாஸ்டிக். படத்தில் டார்வின் இல்லை. கதை எழுதின அம்மா ஒருத்தி.

"உங்க பழைய நோட்டு மாமா. செல்லாதுன்னு அவ்ளோ வருத்தப்பட்டீங்களே! ஒரு நாள் அரை லீவு போட்டுட்டுப் பெரிய பேங்க்குக்கே போயிட்டேன். மழைல வெளிய வரை வரிசை. நின்னு மாத்திட்டு வந்துட்டேன். இனிமே இது செல்லும்!"

காது அடைத்துக்கொண்டது. "பழசை... என்ன பண்ணாங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன். என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"திரும்ப வர்ற பழைய நோட்டையெல்லாம் தூள் தூளாக்கிடுவாங்களாம் மாமா" என்றார் சந்தோஷமாக.

மனைவி கதவோரம் நின்று என்னையே பார்க்கிறாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் கை காட்டி நிறுத்தினேன். ஏப்ரல் கடைசி. மாடி. ரயில். எல்லாம் மனத்தில் ஓடியது. நோயாளிகளுக்குச் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்: மூச்சை இழு, பிடி, அசையாதே.

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை. உங்களுக்கு எதுக்கு இவ்வளவு சிரமம்" என்றேன்.

"நீங்கதான் அன்னிக்கு அவ்வளவு பெருந்தன்மையா, தாராளமா எடுத்துக்கோங்கன்னு சொன்னீங்களே மாமா!"

ஐயோ. ஐயையோ. பிஸ்கட்.

திட்டக்கூட வழியில்லாமல் நானே அல்லவா தூக்கிக் கொடுத்திருக்கிறேன்! பார், இங்கேகூட 'அவர்' 'அவர்' என்றுதான் எழுதுகிறேன். தனியாக எழுதும்போது ஒருமையில் இறங்கினால் நாளைக்கு நேரில் வாயில் வந்துவிடும். வாழ்க மாப்பிள்ளை அவர்கள்.

மார்ச் 26, வியாழன்

பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலி. இடைவேளையில் நானே படம் எடுத்துப் பார்த்தேன். எலும்பு நன்றாக இருக்கிறது. கோபம் எக்ஸ்ரேயில் விழாது போலிருக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

மகள் தனியாக வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். பெரும்பாலும் அந்த ஊருக்கே போய்விடுவார்களாம்.

"ஏம்மா? நான் ஒரு வார்த்தை தப்பா பேசினேனா? இவ்வளவு பெரிய விஷயத்துக்கே வாயைத் திறக்கலியே!"

"அதான்ப்பா பிரச்சினை. அவருக்கு நம்ம வீட்ல மூச்சு முட்டுதாம். இன்டர்வியூவுக்கு வந்த மாதிரி இருக்காம். உங்கப்பாவுக்கு என்னைப் பிடிக்கல, அதான் இவ்வளவு மரியாதை குடுக்கிறார்னு சொல்றார்."

பிடிக்காமலா? டார்வினையே விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பிடிக்காமலா? இவளிடம் எப்படிச் சொல்வது. "அந்த நம்பர் விஷயத்தை அவர்கிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். கூடவே கூடாது என்றேன். தெரிந்தால் சங்கடப்படுவார், சங்கடப்பட்டால் இந்தப் பக்கமே வர மாட்டார்.

அவள் போன பிறகு மனைவியும் நானும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். மரியாதை பற்றவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 4, சனி

கூட்டிக் கொடுத்தோம். தெருமுனைக்கே போய் அழைத்து வந்தேன். அவர் கையிலிருந்த பையை நான் பிடுங்க, அவர் விடாமல் இழுக்க, வாசலில் இரண்டு பேரும் பையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். எதிர்வீட்டுக்காரர் சண்டையென்று நினைத்து வெளியே வந்துவிட்டார்.

மாப்பிள்ளை சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு விரல் முன்னால் வந்திருந்தால் கீழே விழுந்திருப்பார். போகும்போது, "கண்காட்சிக்கு ஏதாவது உதவி வேணுமா மாமா?" என்று கேட்டார். அதற்கும் என் வாய் தானாக, "தாராளமா செய்ங்க மாப்பிள்ளை" என்றது. இந்த வாயை என்ன செய்வது.

ஏப்ரல் 11, சனி

முடிந்தது. எல்லாம் முடிந்தது. என் வாயால் நானே என் பெண்ணை ரயிலேற்றிவிட்டேன்.

மதியம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். ஹாலில் சாப்பாட்டு மேசைமேல் என் நோட்டெல்லாம் உறையிலிருந்து வெளியே வந்து வரிசையாகப் படுத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு மெஷின். சூடான பிளாஸ்டிக் வாசனை. மாப்பிள்ளை முழுக்கையை மடித்துவிட்டு வேலையில் இருக்கிறார். மகள் எழுதிக் கொடுத்த பெயர் அட்டைகள் பளபளவென்று ஒரு பக்கம் அடுக்கியிருக்கின்றன. அடுத்ததாகக் கியூரி தம்பதி, பிளாஸ்டிக் உறைக்குள், மெஷின் வாயில் ஓரத்தை வைத்துவிட்டார்கள்.

லேமினேஷன்.

தெரியாதவர்களுக்கு இது ஒரு நல்ல காரியம். எங்களைப் போன்றவர்களுக்குக் கொலை. சூடு பட்டு ஒட்டினால் ஒட்டினதுதான், பிறகு அது நோட்டு இல்லை, சாப்பாட்டுக் கடை மெனு கார்டு.

"டேய்!" என்றேன்.

வீடே அதிர்ந்தது. ஐந்து வாரமாக அடக்கி வைத்தது.

"டேய், எடுடா கையை! எடுடாங்கறேன்! நிறுத்துடா அதை!" பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். பிளக்கோடு சுவரிலிருந்து சுவிட்ச் பலகையும் பாதி வந்துவிட்டது. "அறிவிருக்காடா உனக்கு? மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் பேங்க்ல குடுத்து மாத்திட்டியா? லேமினேட் பண்றானாம்! போய் உன் லிஃப்டை லேமினேட் பண்ணுடா! அந்த டார்வினை எத்தனை வருஷம் தேடினேன் தெரியுமா? நம்பரைப் பார்த்தியா நீ? 1859-டா! உலகத்துல எவன்கிட்ட இருக்கு? அதைக் கொண்டுபோய்ச் சில்லறை மாத்துற மாதிரி மாத்திட்டு, ரிப்பன் வேற கட்டிட்டு வர்றான் ரிப்பன்!"

மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்து, "சத்தியம், சத்தியம்" என்று முனகினாள். சத்தியமாவது மண்ணாவது.

மாப்பிள்ளை வெளிறிப்போய் நின்றான். பிறகு அவன் முகமும் சிவந்தது.

"நீங்கதானே எடுத்துக்கோன்னு சொன்னீங்க!"

"நான் பிஸ்கட்டைச் சொன்னேன்டா!"

"எனக்கு எப்படித் தெரியும்? எதைக் கேட்டாலும் தாராளமா தாராளமாங்கறீங்க! இந்த வீட்ல எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு யாராவது ஒருத்தர் சொன்னீங்களா? உட்கார்ந்தா எழுந்து நிக்கிறீங்க. பாத்ரூம் போனா முன்னாடி ஓடிப்போய் லைட் போடறீங்க. எங்கப்பா செத்துப்போனதுல இருந்து என்னை 'டேய்'னு கூப்பிட ஆளில்ல. இங்க ஒரு அப்பா கிடைப்பார்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா என்னைப் பார்த்தாலே கை கட்டி நிக்கிறீங்க!"

அதற்கு நான் என்னவோ கத்தினேன். அவனும் கத்தினான். என்ன கத்தினோம் என்று இப்போது நினைவில்லை. கடைசியில் அவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் பின்னால் போனாள்.

கியூரி தம்பதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்ன.

ஏப்ரல் 12, ஞாயிறு

கண்காட்சிக்குப் போகவே பிடிக்கவில்லை. மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கையில் திணித்தாள். மகளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

அலமாரியில் எல்லாரையும் அடுக்கினேன். நடுவில் டார்வினுக்கென்று விட்ட இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. பூதக்கண்ணாடி சரியாக அங்கேதான் வந்து நின்றார். லென்ஸை எடுத்து, வெற்றிடத்தையே பெரிசாக்கிப் பார்த்தார். "1859 எங்க சார்? கனவுல வந்ததா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நான்தான் சார் தொலைச்சேன்." பின்னாலிருந்து குரல். திரும்பினேன். அவன்தான். கையில் ஸ்க்ரூடிரைவர். "மதிப்பு தெரியாம பேங்க்ல குடுத்து மாத்திட்டேன். நோட்டு இருந்தது நிஜம். நான் கையில வெச்சிருந்தேன்."

பூதக்கண்ணாடி அவனை மேலும் கீழும் பார்த்தார். "1859-ஐயா மாத்தினே? படிச்ச பையன் மாதிரி இருக்கே, அறிவு வேணாமாய்யா உனக்கு? இப்படி ஒரு முட்டாளை..."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "சார், வார்த்தையை அளந்து பேசுங்க" என்றேன். "அவனைத் திட்டறதுக்கு நான் இருக்கேன். என் வீட்டுப் பையன். நீங்க யாரு நடுவில?"

பூதக்கண்ணாடி லென்ஸைக் கீழே விட்டார். ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் நோட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவன் குனிந்து, அலமாரியின் கண்ணாடி ஆடிக்கொண்டிருந்ததை முடுக்க ஆரம்பித்தான். காது மட்டும் சிவந்திருந்தது. எனக்கும் கண்ணில் ஏதோ, தூசியாக இருக்கும்.

"வலது பக்கம் இன்னும் ஒரு சுத்து முடுக்குடா" என்றேன்.

"அதிகமா முடுக்கினா உடையும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றான்.

தள்ளி நின்றேன்.

ஏப்ரல் 20, திங்கள்

மாடிக்கு வருகிறார்களாம். மகள்தான் போனில் சொன்னாள். ஏனென்று கேட்டேன். "நீங்க கத்தின அன்னிக்கு ராத்திரிதான் அவர் மாமா மாமான்னு உங்களைப் பத்தி நிறுத்தாம பேசினார். அதுவரைக்கும் உங்கப்பா உங்கப்பான்னுதான் சொல்வார்" என்றாள்.

மனைவியிடம் சொன்னேன். என் வாயால்தான் பெண் ரயிலேறுவாள் என்றாயே, பார்த்தாயா என்றேன். "பார்த்தேன். சுவத்துல பலகையை எப்போ மாட்டப் போறீங்க?" என்றாள். அழுதிருக்கிறாள், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

மே 17, ஞாயிறு

மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான். கையில் ஓர் உறை. ரிப்பன் இல்லை, புத்தி வந்திருக்கிறது. இணையத்தில் ராப்பகலாகத் தேடி வாங்கினானாம். பழைய பத்து பவுண்டு, பேப்பர், தாடி, குட்டிப் பறவை, எல்லாம் சரி. "நம்பரைப் பாருங்க மாமா!" என்றான்.

பார்த்தேன். 1895.

"டேய், கண்ணு தெரியுதா உனக்கு? ஐம்பத்தொன்பதுடா! இது தொண்ணூத்தஞ்சு! திருப்பிப் போட்டிருக்கு! தொண்ணூத்தஞ்சுல டார்வினே இல்லடா, செத்துப் பல வருஷம் ஆச்சு! அந்த வருஷம் என்னடா நடந்தது பெரிசா..." என்று கத்திக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினேன்.

அந்த வருஷம்தான் ரோன்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார்.

உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு வருஷம் எந்த நோட்டிலும் கிடைக்காத மனுஷர், டார்வின் முதுகில் ஏறி என் வீட்டுக்கு வந்திருக்கிறார். என் தலைமுடியெல்லாம் நின்றது.

"என்ன மாமா? திருப்பிக் குடுத்துடவா?" என்று பயந்துபோய்க் கேட்டான்.

"இருக்கட்டும் விடு. வாங்கினது வாங்கியாச்சு" என்றேன், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு மட்டும் ஏழெட்டுத் தடவை திறந்து பார்த்தாயிற்று.

ஜூன் 7, ஞாயிறு

சம்பந்தியம்மா முதல் தடவையாக வந்தார்கள், கூடவே அவர்கள் அண்ணனும். பெரிய மனிதர், வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாதவர். அவர்கள் முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மனைவி காலையிலிருந்து எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். 'டா' வரவே கூடாது என்று கட்டளை.

எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அவன் மாடியிலிருந்து, பனியனும் ஈரத் தலையுமாக, என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். நான் எழுந்து நின்றேன்.

"வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க" என்றேன்.

படியிலேயே நின்றுவிட்டான். முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தான், தோளில் இருந்த துண்டைப் பார்த்தான், மெதுவாக மகள் பக்கம் நகர்ந்து அவள் காதில் கேட்டான். அவன் நினைப்புக்கு அது ரகசியம். ஹால் முழுக்கக் கேட்டது.

"நான் என்ன தப்பு பண்ணேன்? மாமா எதுக்கு என்மேல இவ்வளவு கோவமா இருக்கார்?"